உள்ளே போகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

2023-ல் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் சிக்கிய 41 தொழிலாளர்களை வெளியே கொண்டுவந்த காட்சியை இன்றும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அழுகை வருகிறது. “தன்னால் எதுவும் முடியாது என்று நினைப்பவனுக்குத்தான் ரட்சகன் தேவை” என்று நண்பன் கிண்டல் செய்கிறான். காப்பாற்ற வருகிறவர்கள் மேல் நமக்கு ஏன் இத்தனை ஈர்ப்பு? இது பலவீனமா?

ர., தர்மபுரி

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொல்வது நம் மாஸ் படங்களுக்குச் சரி. சில்க்யாராவுக்குப் பொருந்தாது. அங்கே கடைசியில் வந்தவர்களை யாரும் எதிர்பார்த்துக்கூட இருக்கவில்லை. நாடே நம்பியிருந்தது ஆகர் என்ற துளையிடும் இயந்திரத்தை.

நவம்பர் 12, தீபாவளியன்று அதிகாலையில் மண் சரிந்தது. ஏறக்குறைய 60 மீட்டர் இடிபாடு. அதைத் துளைத்துக்கொண்டு போன ஆகர், இன்னும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கும்போது உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது. அப்புறம்தான் எலிவளை போலக் குறுகிய துளைக்குள் நுழைந்து கையால் தோண்டும் எலிவளைத் தொழிலாளர்களைக் கூப்பிட்டார்கள். எலிவளை முறையில் நிலக்கரி எடுப்பதைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-லேயே தடை செய்திருந்தது. துளையில் செருகியிருந்த 800 மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குள் ஒருவர் தோண்ட, இன்னொருவர் மண்ணை அள்ள, வெளியே இருப்பவர்கள் கயிறு கட்டிய வண்டியை இழுக்க, ஒரு நாளுக்குச் சற்று அதிகமான நேரத்தில் வழி திறந்தது. நவம்பர் 28 இரவு 41 பேரும் வெளியே வந்தார்கள்.

அந்தக் குழாய்க்குள் போனவர்கள் வெளியிலேயே இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1989-ல் வங்கத்தின் ராணிகஞ்சில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது, மேலிருந்து துளை போட்டு, ஆள் நிற்குமளவு ஒரு இரும்புக் கூண்டைச் செய்து இறக்கினார்கள். பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் அதில் தானே இறங்கினார். 65 பேர் பிழைத்தார்கள். கூண்டை இறக்க உத்தரவு போட்டுவிட்டு அவர் மேலேயே நின்றிருந்தாலும் அவர்கள் பிழைத்திருக்கக்கூடும். ஆனால் அவரை இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்போமா என்பது சந்தேகம்தான்.

நம்மை உலுக்குவது இதுதான் என்று நினைக்கிறேன். எல்லோரும் வெளியே வரத் துடிக்கும் இடத்துக்குள் ஒருவர், முன்பின் தெரியாதவருக்காக, தெரிந்தே போகிறார். வெறும் துணிச்சல் மட்டும் என்றால் இவ்வளவு பிடிக்காது. நீச்சல் தெரியாமல் ஆற்றில் குதிப்பவரைப் பார்த்து நாம் பதறத்தான் செய்வோம். சில்க்யாராவில் குழாய்க்குள் போனவர்களுக்குத் தொழில் தெரியும். தில்லியில் பூமிக்கடியில் குழாய் பதிக்க மண் தோண்டியவர்கள். வேறு நாளாக இருந்தால் நாம் திரும்பிக்கூடப் பார்க்காத வேலை. அதே வேலைதான் அன்றைக்கு 41 பேரை மீட்டது. உங்கள் அழுகையில் அதுவும் கொஞ்சம் கலந்திருக்கலாம். இதில் பலவீனம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இடறுவது வேறு. மீட்பில் முகம் இருக்கிறது, முடிவு இருக்கிறது, மாலை போட ஆள் இருக்கிறார். விபத்தே நடக்காமல் தடுப்பதில் இவை ஒன்றும் கிடையாது. சில்க்யாரா திட்டத்துக்கு 2018-ல் ஒப்புதல் தந்தபோது, தப்பிக்கும் வழியோடு சேர்த்துத்தான் தந்தார்கள். மண் சரிந்த அன்று அப்படியொரு வழி அங்கே இல்லை. அது இருந்து, எல்லோரும் அதன் வழியாக நடந்து வெளியே வந்திருந்தால் உள்ளூர்ச் செய்தியோடு முடிந்திருக்கும். நமக்கு எலிவளைக்காரர்களைத் தெரிந்தே இருக்காது. அவர்களும் அதைத்தான் விரும்புவார்கள் என்று தோன்றுகிறது.

நாம் பாராட்டியது எத்தனை நாள் தாங்கியது என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். மாநில அரசு அவர்களுக்கு ஆளுக்கு 50,000 ரூபாய் அறிவித்தது. 2024 பிப்ரவரியில், ஆக்கிரமிப்பு என்று சொல்லி, அந்தக் குழுவை நடத்தியவரின் தில்லி வீட்டை இடித்தார்கள். அந்தக் காணொளியும் கிடைக்கும். தேடிப் பாருங்கள்.