கேள்வி பதில்: கோட்டு பிரிந்த ஹரால்டு

போன இதழில், அமெரிக்க மௌனப் பட நகைச்சுவை நடிகர் ஹரால்டு லாய்டு நடித்த 'தி ஃப்ரெஷ்மேன்' படத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வந்திருப்பதில் ரொம்ப சந்தோஷம். மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும், இந்த முறை முழுக்க இதுதான்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஃபிலிம் கிளப்பில் முதலாண்டு மாணவர்களுக்காக ஒரு மௌனப் படம் போடப் போகிறோம். எல்லோரும் சாப்ளின் என்கிறார்கள். நீங்கள் சொன்ன படத்தைப் போட்டால் உட்கார்ந்து பார்ப்பார்களா? (மாணவி, புரசைவாக்கம்)

பதில்: பார்ப்பார்கள், தைரியமாகப் போடுங்கள். 1925-ல் வந்த படம். ஃப்ரெட் நியூமேயர், சாம் டெய்லர் இருவரும் சேர்ந்து இயக்கியது. ஒன்றேகால் மணி நேரம்தான் ஓடும். ஹரால்டு லாம்ப் என்கிற பையன் டேட் பல்கலைக்கழகத்தில் சேரப் போகிறான். கல்லூரி வாழ்க்கை என்று அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சினிமாவில் பார்த்ததுதான். அந்தப் பட நாயகன் யாருக்காவது கை கொடுப்பதற்கு முன்னால் காலைத் தட்டி ஒரு குட்டி ஆட்டம் போடுவான். இவனும் அதை வீட்டிலேயே பழகிக்கொண்டு, 'ஸ்பீடி' என்ற பட்டப்பெயரோடு ரயிலேறிப் போய், பார்க்கிறவர்களுக்கெல்லாம் அந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டிக் கையை நீட்டுகிறான். நேற்றுப் பார்த்த படத்தின் ஹீரோ மாதிரி நடந்துகொண்டு முதல் நாள் வகுப்புக்குப் போனவர்கள் உங்கள் கிளப்பிலேயே பத்துப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கு இவனைச் சட்டென்று பிடித்துவிடும்.

ஒரே ஒரு யோசனை. நடுநடுவே வசனத்தை எழுதிக் காட்டுகிற டைட்டில் கார்டுகளெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், அதனால் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரிடம் மைக் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அண்ணா சாலையில் 1913-ல் எலக்ட்ரிக் தியேட்டர் வந்த நாட்களிலிருந்து நம் ஊருக்கு மௌனப் படம் தெரியும், திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். கீபோர்டு வாசிக்கிற பையன் ஒருவன் கிடைத்தால் அவனையும் உட்கார வைத்துவிடுங்கள். மௌனப் படத்தை இசையில்லாமல் பார்ப்பது கொடுமை.

கேள்வி: முப்பது வருஷமாகக் கோட்டு தைக்கிறேன். அந்தப் படத்தில் ஓட்டுத் தையலோடு கோட்டைக் கொடுத்து அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். எந்தத் தையல்காரர் அப்படிச் செய்வார்? (தையல் கலைஞர், வண்ணாரப்பேட்டை)

பதில்: நியாயமான கோபம்தான் ஐயா. ஆனால் அந்தத் தையல்காரர் மேல் தப்பு இல்லை. அவருக்குத் திடீர் திடீரென்று தலை சுற்றி மயக்கம் வருகிற வியாதி. நடன விருந்து நேரம் வந்துவிட்டது, ஹரால்டு அதற்குப் போட்டுக்கொள்ள வேண்டிய கோட்டு இன்னும் பெரிய பெரிய ஓட்டுத் தையலில்தான் நிற்கிறது. மனுஷன் ஊசி நூலோடு விருந்துக்கே கூட வந்துவிடுகிறார். திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஹரால்டு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பிரிந்த இடத்தைப் பிடித்துத் தைக்கிறார். இவன் முகத்தில் சிரிப்பு மாறாமல் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டே முதுகை மட்டும் திரைச்சீலை பக்கம் திருப்பி வைத்துக்கொள்வான் பாருங்கள், நான் எத்தனையோ தடவை பார்த்தும் அந்த இடம் அலுக்கவில்லை. ஒரே அடியாகக் கிழிந்துவிட்டால் சிரிப்பு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். இங்கே இழை இழையாகப் பிரிகிறது, அவன் மானமும் கூடவே பிரிகிறது.

இன்னொன்று. பேண்ட் அவிழ்கிற நகைச்சுவை ரொம்பப் பழசு என்று லாய்டு முதலில் அதை வைக்க மறுத்துவிட்டாராம். வெளியீட்டுக்கு முன்னால் மக்களுக்குப் போட்டுக் காட்டியபோது அந்தக் காட்சி எடுபடவில்லை. அப்புறம் திரும்பப் படமெடுத்துப் பேண்டையும் அவிழ்த்துவிட்டார்.

கேள்வி: என் மகன் இந்த வருடம் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலில் இருக்கிறான். "எல்லாரும் என்னைக் கலாய்ப்பாங்கம்மா, நானும் சேர்ந்து சிரிச்சிடுவேன், அதனாலதான் எனக்கு நிறைய ஃப்ரெண்ட்ஸ்" என்கிறான். லீவுக்கு வரும்போது அவனோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்க்கலாமா? (ஒரு தாய், அம்பத்தூர்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன் அம்மா. கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் உங்கள் மகன் சொன்ன அந்த ஒரு வரிதான் இந்தப் படத்தின் கதையே. ஹரால்டு ஊரையே கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கிறான், தனக்குப் பின்னால் வருகிற கூட்டம் பெரிதாகப் பெரிதாக அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஃபுட்பால் பயிற்சியில் மோதிப் பழகுகிற பொம்மை பிய்ந்துபோனதும் அந்த இடத்தில் இவனையே நிறுத்தி ஆள் மாற்றி ஆள் வந்து மோதுகிறார்கள், அவன் எழுந்து எழுந்து நிற்கிறான். கடைசியில் அணிக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலைதான் அவனுக்குக் கிடைக்கிறது, அவனோ தானும் அணியில் ஒருவன் என்றே நம்பிக்கொண்டிருக்கிறான். பார்க்கிற நமக்கு உண்மை தெரியும், அவனுக்குத் தெரியாது. நானும் ஹாஸ்டல் முதல் வருஷத்தில் சீனியர்கள் பாடச் சொன்னபோதெல்லாம் பாடினேன், அவர்கள் சிரித்ததைப் பாராட்டு என்று நினைத்தேன், விஷயம் புரிந்த ராத்திரி மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கவில்லை. அதனால் இந்தக் காட்சிகளில் என்னால் சிரிப்பை மட்டும் பார்க்க முடிவதில்லை.

அந்த விருந்தில்தான் ஒருவன் உண்மையை அவன் முகத்துக்கு நேராகப் போட்டு உடைக்கிறான். ஹரால்டு முதலில் அது தன்னைப் பாதிக்காத மாதிரி சிரித்துச் சமாளிக்கப் பார்க்கிறான். பெக்கி என்கிற பெண்ணிடம், ஜோபினா ரால்ஸ்டன் நடித்தது, வந்ததும் சிரிப்பு உடைந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுகிறான். நடிப்பதை விட்டுவிட்டு நீயாக இரு என்று அவள் சொல்கிறாள். அந்த இடம் வந்ததும் படத்தை நிறுத்தாதீர்கள், அறிவுரையும் வேண்டாம், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். படம் முடிந்த பிறகு அவனே பேசுவான்.

ஆனால் கலாய்ப்பது அவனைப் பயமுறுத்துகிற அளவுக்கோ, காசு பிடுங்குகிற அளவுக்கோ போயிருந்தால் விஷயம் வேறு. ராகிங்கைத் தடை செய்து 1997-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. 1800-180-5522 என்ற தேசிய ராகிங் தடுப்பு உதவி எண்ணுக்கு நீங்களே பேசலாம். தயங்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்கன் ஃபுட்பால் விதிகள் தெரியாமல் கடைசி மேட்ச் புரியுமா? அந்தக் கூட்டம் நிஜக் கூட்டமா? (வாசகர், கொளத்தூர்)

பதில்: பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவு தெரிந்தால் போதும். கபடியில் பிடிபட்டவன் கோட்டுக்காகக் கையை நீட்டி இழைவானே, அந்தத் தவிப்பேதான். ஆட்களெல்லாம் அடிபட்டு விழுந்த பிறகு வேறு வழியில்லாமல் ஹரால்டை இறக்குகிறார்கள். விசில் கேட்டால் பந்தை விட்டுவிட வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். கோட்டை நெருங்கும்போது வெளியே எங்கோ ஒரு தொழிற்சாலைச் சங்கு ஊதுகிறது, இவன் பந்தைப் போட்டுவிடுகிறான்! நான் பார்த்த அரங்கில் பத்து வரிசையும் ஒரே குரலில் "அய்யோ" என்றது.

கூட்டம் நிஜம்தான். 1924 நவம்பரில் பெர்க்லியில் கலிஃபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் மோதிய ஆட்டத்தில் எடுத்தார்கள். ஆட்டக் காட்சிகள் பலவற்றை பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் எடுத்தார்கள். முதலில் இந்த மேட்சைத்தான் படமாக்கத் தொடங்கினார்களாம், ஆனால் பையனின் மனசு பிடிபடாமல் நிறுத்திவிட்டுக் கதையை ஆரம்பத்திலிருந்து வரிசையாக எடுத்திருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பச் சரியான முடிவாகப் படுகிறது. அவன் பட்ட அவமானமெல்லாம் அந்த ஓட்டத்தில் இருக்கிறது.

கேள்வி: லாய்டுக்கு ஒரு கையில் விரல்கள் கிடையாது என்கிறார்களே, உண்மையா? (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: உண்மை. 1919-ல் புகைப்படம் எடுக்கும்போது, பொம்மை வெடிகுண்டு என்று நினைத்துக் கையில் பிடித்திருந்தது நிஜமாகவே வெடித்து, வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. அதற்குப் பிறகு படங்களில் செயற்கை விரல்கள் வைத்த கையுறை போட்டுத்தான் நடித்தார். அடுத்த தடவை பார்க்கும்போது வலது கையைக் கவனியுங்கள், அந்தக் கையோடுதான் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறார்.

கேள்வி: கல்லூரியை வைத்து பஸ்டர் கீட்டனும் ஒரு படம் எடுத்தாரே, எது உசத்தி? (வாசகர், தாம்பரம்)

பதில்: லாய்டு மாதிரியே மௌனப் படக் காலத்து நகைச்சுவை நடிகர் கீட்டன். அவர் படம் 'காலேஜ்', 1927. கம்பை ஊன்றி ஜன்னல் வழியாகப் பாய்கிற ஒரு காட்சி அதில் உண்டு. கீட்டனுக்குப் பதிலாக அதைச் செய்தவர் லீ பார்ன்ஸ், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோல் ஊன்றித் தாண்டுதலில் தங்கம் வாங்கியவர். உடம்பால் செய்கிற வித்தையில் கீட்டனை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் என் ஓட்டு ஹரால்டுக்குத்தான். ஜெயித்த பிறகு பெக்கி எழுதிய காதல் துண்டுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னை மறந்து ஷவர் குழாயில் சாய்ந்து, தண்ணீர் மொத்தமும் தலையில் கொட்டுவதுகூடத் தெரியாமல் நிற்கிறானே, அந்த முகத்துக்காக.