பாரசீகத் தங்கக்காசு: கேள்வி பதில்

கேள்வி: வேதாகமத்தின் எஸ்றா புத்தகத்தில் வரும் தங்கக்காசு எது?

பதில்: தாரிக் என்றே பலரும் கொள்கிறோம். பாரசீக அரசன் முதலாம் தரியு (ஆட்சி கி.மு. 522–486) வெளியிட்டது. எடை ஏறக்குறைய 8.4 கிராம், நல்ல பசும்பொன். முன்பக்கம் கிரீடம் வைத்த அரசன் முழங்கால் மடக்கி, வில்லும் ஈட்டியுமாக இருப்பான். பின்பக்கம் அச்சு விழுந்த நீள்பள்ளம் மட்டும். எழுத்தே கிடையாது. 'தரியு பெயர் பொறித்த தாரிக்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், அது போலி.

கேள்வி: அன்று அதன் மதிப்பு?

பதில்: 20 சிக்லோஸ், அதாவது பாரசீக வெள்ளிக்காசு. பாரசீக இளவரசன் இளைய சைரஸ் தன் கிரேக்கக் கூலிப்படை வீரனுக்கு மாதம் ஒரு தாரிக் கொடுத்தான்.

கேள்வி: என்னிடம் ஒன்று இருக்கிறது. படம் அனுப்பட்டுமா?

பதில்: வேண்டாம். படத்தை வைத்து அசலா போலியா என்று சொல்ல முடியாது. நேரில் நிறுத்துப் பார்க்க வேண்டும். தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்.

கேள்வி: வேதாகமத்தில் 1 நாளாகமம் 29:7-இல் தாவீது ராஜா காலத்திலேயே ஆலயத்துக்கு 10,000 தாரிக் கொடுத்தார்களே?

பதில்: அருமையான கேள்வி. தாவீது வாழ்ந்தது கி.மு. 1000 வாக்கில். முதல் காசுகளை லிதியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) அடித்ததே கி.மு. 7ஆம் நூற்றாண்டில்தான். நாளாகமத்தை எழுதியவர் பாரசீகர் காலத்திலோ அதற்குப் பிறகோ வாழ்ந்தவர். பழைய காணிக்கையைத் தம் வாசகர்கள் அறிந்த காசில் சொன்னார். கணக்குப் போட்டால் 84 கிலோ பொன்.

கேள்வி: அப்படியானால் வேதம் பொய்யா?

பதில்: இல்லை. இந்த ஒரு சொல் அந்த நூல் எழுதப்பட்ட காலத்தைக் காட்டுகிறது. எனக்கு அது பெரிய பொக்கிஷம்.

கேள்வி: தரியுவுக்கு முன்பே தாரிக் இருந்திருக்கலாமே?

பதில்: பாரசீகத் தலைநகர் பெர்செபோலிஸில் தரியு தன் ஆட்சியின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய அபதானா என்ற அரசவை மண்டபத்தின் அடித்தளத்தை 1933இல் தோண்டினார்கள். கல்பெட்டிகளின் அடியில் லிதிய அரசன் குரோசஸ் வகைத் தங்கக்காசுகள் கிடைத்தன. தாரிக் ஒன்றுகூட இல்லை. தரியு ஆட்சியின் தொடக்கத்திலேயே அது வரவில்லை என்றால், அதற்கு முன் எங்கே?

கேள்வி: சார், ஒரு தாரிக் இப்போது என்ன விலை போகும்?

பதில்: விலைக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை. கழுவாதீர்கள்.

கேள்வி: யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசு?

பதில்: அது ரோமர் காலம். அந்தக் காலக் காசுகளைப் படித்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: பாரசீகர் ஆட்சியில் யூதர்கள் சொந்தமாகக் காசு அடித்தார்களா?

பதில்: அடித்தார்கள், கி.மு. 4ஆம் நூற்றாண்டில். சின்னஞ்சிறு வெள்ளிக்காசுகள், பல அரை கிராம்கூட இராது. சிலவற்றில் ஏதென்ஸ் காசைப் பார்த்து அதே ஆந்தையை அடித்து, ஏதென்ஸின் பெயர் இருந்த இடத்தில் 'யெகூத்' என்று தங்கள் மாகாணத்தின் பெயரைப் பொறித்தார்கள்.