2147483647: கேட்டவையும் சொன்னவையும்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதாவது 2³¹ − 1. இது ஒரு பகா எண். இதைப் பற்றி எதையும் கேளுங்கள் என்று வாய்விட்டுவிட்டேன். வந்து குவிந்தவற்றில் சில.

கே: இதைப் பகா எண் என்று 1772-லேயே கணித மேதை ஆய்லர் நிரூபித்தாராம். வர்க்கமூலமே 46,340. அதற்குள் நாலாயிரத்துச் சொச்சம் பகா எண்கள். எல்லாவற்றாலும் கையால் வகுத்தாரா? நம்புகிற மாதிரி இல்லையே?

ப: எல்லாவற்றாலும் வகுக்கவில்லை. அழகே அதில்தான் இருக்கிறது. p என்ற பகா எண் இதை மீதியில்லாமல் வகுக்கிறது என்று வையுங்கள். 2, 4, 8 என்று 2-இன் அடுக்குகளை p-ஆல் வகுத்துக்கொண்டே போனால், மீதி 1 முதன்முதலாக 31-ஆவது அடுக்கில் வரும். பிறகு 31 அடுக்குக்கு ஒருமுறை வரும். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி p − 1 ஆவது அடுக்கிலும் 1 வந்தாக வேண்டும். ஆக p − 1 என்பது 31-இன் மடங்கு. p ஒற்றைப்படை, எனவே 62-இன் மடங்கு. அடுத்து, 2³² ஒரு வர்க்க எண். அதை p-ஆல் வகுத்தால் மீதி 2. ஒரு வர்க்க எண் 2-ஐ மீதி விட்டால், p-ஐ 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7தான் மிஞ்சும். இரண்டையும் பொருத்தினால் p என்பது 248k + 1 அல்லது 248k + 63. 1, 63 இரண்டையும் தள்ளினால் 46,340-க்குள் 372 எண்கள்தான். அவற்றிலும் பகா எண்கள் போதும், முதலாவது 311. எதுவும் வகுக்கவில்லை, கதை முடிந்தது.

கே: 7-இல் முடிகிறது, இலக்கங்களைக் கூட்டினால் 46, அது 3-ஆல் வகுபடாது. இவ்வளவு போதாதா?

ப: 77-க்கும் இதெல்லாம் பொருந்தும்.

கே: 31 பகா எண், அதனால்தானே இதுவும் பகா எண்?

ப: இந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருந்தே ஆகவேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. எந்த அடுக்குகள் இப்படிப் பகா எண் தரும் என்று பிரெஞ்சுத் துறவி மெர்சென்னே 1644-இல் தந்த பட்டியலில் 67, 257 தவறாக நுழைந்தன; 61, 89, 107 விட்டுப்போயின.

கே: 46-ஐயும் கூட்டினால் 10, பிறகு 1. ராசியான எண்ணா?

ப: ஜோசியரிடம் போங்கள்.

கே: கணினிக்காரர்களுக்கு ஏன் இதன்மேல் பயம்?

ப: கூட்டல், கழித்தல் குறியோடு சேர்த்து 32 பிட்டில் (0 அல்லது 1 என்ற 32 இலக்கங்களில்) அடங்கும் மிகப் பெரிய எண் இது. 2014-இல் ஒரு கொரியப் பாட்டின் யூடியூப் பார்வை எண்ணிக்கை இதைத் தாண்டியது. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இப்படி எண்ணும் பழைய கணினிகள், 2038 ஜனவரி 19 காலை 8:44:07-க்கு (நம் நேரம்) அடுத்த நொடியில் தடுமாறும்.

கே: 3, 7, 31, 127 எதை 2-க்கு அடுக்காக வைத்து 1 கழித்தாலும் பகா எண்தான். இவையெல்லாம் மெர்சென் பகா எண்கள், அதாவது 2-இன் அடுக்கில் 1 குறைந்த பகா எண்கள். அப்படியானால் 2147483647-ஐ அடுக்காக வைத்தாலும்?

ப: வராது. 295257526626031 அதை வகுக்கும்.

கே: அது ஒன்று விதிவிலக்காக இருக்கலாமே?

ப: உங்கள் விதி அதற்கு முன்பே உடைந்துவிட்டது. அடுத்த மெர்சென் பகா எண் 8191. அதை அடுக்காக வைத்தால் பகு எண் என்று வீலர் 1953-இல் கணினியில் காட்டிவிட்டார்.

கே: நான்கு முறை சரியாக வந்ததே ஐயா, சும்மாவா?

ப: சும்மாதான். சின்ன எண்களுக்குப் பகா எண்ணாக இருப்பது சுலபம். 1811-இல் பார்லோ, 2³⁰ × (2³¹ − 1) என்ற நிறைவெண்ணைவிட (6 = 1 + 2 + 3 போல, தன்னைவிடச் சிறிய வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும் எண்) பெரிய நிறைவெண்ணை யாரும் தேடப்போவதில்லை என்று எழுதினார். 1876-இல் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டியதும், 2¹²⁶ × (2¹²⁷ − 1) என்ற பெரிய நிறைவெண் கிடைத்து அந்தப் பேச்சு போயிற்று. பார்லோவைப் போல அவசரப்படாதீர்கள்.

கே: 61 பகா எண் என்பதால் 2⁶¹ − 1-உம்...

ப: பகா எண்தான். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தால் அல்ல. 2047!