பெக்கோ வெட்டிய கிடங்கில் எழுத்துக் கல் வந்தால்

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளிப் பக்கம் ஒரு கிராமத்தின் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். பிரதேச சபைக்கு வந்த அரச நிதியில் கோயில் வீதியோரம் வடிகான் வெட்டுகிறார்கள். இரண்டு நாளைக்கு முன் பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) வெட்டியபோது அகலமான பழைய செங்கற்கள், பானை ஓடுகள், ஒரு பக்கத்தில் எழுத்துப் போலத் தெரியும் கல் ஒன்று வெளியே வந்தன. கல்லைக் கோயில் மடத்தில் வைத்திருக்கிறோம். "வெளியே சொன்னால் வேலை நிற்கும், டிசம்பரோடு காசு திரும்பிவிடும்" என்கிறார் ஒப்பந்தகாரர். காணி போய்விடுமோ என்று ஊரில் சிலர் பயப்படுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: கல் மடத்தில் பத்திரமாக இருக்கிறது. இப்போது ஆபத்தில் இருப்பது அது வந்த கிடங்குதான். செங்கல் எந்த ஆழத்தில் கிடந்தது, ஓடுகள் அதற்கு மேலா கீழா, கல் விழுந்து கிடந்ததா, நட்டபடி நின்றதா என்பதையெல்லாம் கிடங்கின் பக்கச் சுவர் மட்டுமே சொல்லும். ஒரு மழையில் அந்தச் சுவர் சரிந்தால் அந்தக் கதை திரும்பக் கிடைக்காது. இடம் தெரியாத கல்வெட்டை வாசிக்கலாம். ஆனால் அது நின்ற கட்டடம் எது, குறித்த நிலம் எங்கே என்று காட்டுவது கடினம்.

முழு வேலையையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். பொருள் வந்த இடத்திலிருந்து இரு பக்கமும் பத்துப் பத்து மீற்றரை மட்டும் கயிறு கட்டி ஒதுக்கச் சொல்லுங்கள். மற்றப் பகுதியில் வேலை நடக்கட்டும். கிடங்குக்கு மேல் தறப்பாள் போட்டு, வெள்ளம் வரும் பக்கத்தில் மண் மூடைகளை அடுக்குங்கள். மாரி தொடங்கிவிட்டால் இதை அன்றைக்கே செய்ய வேண்டும். வெட்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று உழவு இயந்திரச் சாரதியிடம் கேட்டு, அந்தக் குவியலையும் ஒதுக்குங்கள். பாதிப் பொருட்கள் அதற்குள் கிடக்கக்கூடும். யாருடைய வளவையாவது நிரப்ப அந்த மண் போய்விட்டால் அவ்வளவுதான்.

அடுத்தது பதிவு. ஒரு கைத்தொலைபேசியும் அளவு நாடாவும் போதும். முதலில் கோயில் கோபுரமோ மதகோ மின்கம்பமோ தெரியும்படி தூரப் படம். பிறகு கிடங்கு முழுவதும். அதன் பிறகு சுவரில் தெரியும் செங்கல் வரிசைக்குப் பக்கத்தில் அளவுகோலை நிறுத்தி நேரே எதிரில் நின்று கிட்டப் படம். தொலைபேசியில் இட அமைவைப் போட்டுவிட்டு எடுங்கள். வீதி மட்டத்திலிருந்து ஆழத்தையும், அசையாத இரண்டு இடங்களிலிருந்து, உதாரணமாக மதகின் மூலையிலிருந்தும் கோயில் மதிலின் மூலையிலிருந்தும், தூரத்தையும் அளந்து எழுதுங்கள். ஒரே இடத்திலிருந்து அளந்தால் பிறகு இடத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. கல்லை முதலில் கண்ட பெக்கோ சாரதியைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டச் சொல்லி, திகதி, நேரத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் எதையும் பிடுங்க வேண்டாம்.

கல்லைக் கழுவாதீர்கள், கம்பித் தூரிகை போடாதீர்கள். எழுத்துத் தெரியட்டும் என்று சோக்கட்டியோ மாவோ தேய்ப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். அது தேய்ந்த எழுத்தின் விளிம்பை இன்னும் தேய்க்கும், தேய்ப்பவர் ஊகித்த எழுத்தையே படத்திலும் பதிக்கும். இருட்டிய பிறகு ஒரு ரோச்சைக் கல்லின் மட்டத்துக்குப் பக்கவாட்டில் பிடித்து, மேலேயிருந்து படம் எடுங்கள். வெளிச்சத்தை இடம், வலம், மேல், கீழ் என்று மாற்றி நாலு படம். வெறுங்கண்ணுக்குத் தெரியாத கீறல் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். பக்தியில் யாராவது எண்ணெய் காப்பும் சந்தனமும் சாத்த வருவார்கள். அன்போடு தடுத்துவிடுங்கள், எண்ணெய் கல்லின் துளைக்குள் இறங்கி அழுக்கைப் பிடித்துவைக்கும். பலகை மேல் கிடத்தி, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். சீமெந்து பூசிச் சுவரில் பதிக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் அதைக் கைவிடச் சொல்லுங்கள்.

ஓடுகளைக் கிடைத்த இடம், ஆழம் வாரியாகத் தனித்தனிப் பையில் போட்டு, உள்ளே ஒரு துண்டும் வெளியே ஒரு துண்டும் எழுதி வையுங்கள். கடற்கரை மண்ணில் கிடந்த ஓட்டை வெயிலில் காயவிட்டால் உள்ளே இருக்கும் உப்பு பளிங்காகி மேற்பரப்பை உரித்துவிடும். நிழலில் மெதுவாகக் காயட்டும். செம்போ வெண்கலமோ வந்தால் புளி போட்டு மினுக்கவே கூடாது. பச்சைப் படலம் போவதோடு, உலோகத்துக்குள் இருக்கும் உப்புக்குக் காற்றும் ஈரமும் கிடைத்து அரிப்பு தொடரும்.

எவ்வளவு பழையது என்று ஊரில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், ஆனால் அறிவிக்கத் தகுந்ததா என்று பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. இன்றைய செங்கல் ஏறத்தாழ 22 செ.மீ. நீளம், 10.5 செ.மீ. அகலம். அதைவிட நன்றாக அகலமும் நீளமுமாக, தட்டையாக இருந்தால் கவனியுங்கள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓடு, நீலக் கோலம் போட்ட வெள்ளைப் பீங்கான், மெல்லிய வெள்ளைக் களிமண் புகைக்குழாய்த் துண்டு, நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் உள்ள காசு எல்லாமே அறிவிக்க வேண்டியவை. உங்கள் பக்கத்து மண் வெறும் மண் அல்ல. கோணபர்வதத்து மத்ஸ்யகேஸ்வரத்துக்கு, அதாவது திருக்கோணேச்சரக் கோயிலுக்கு, 250 வேலி நிலம் கொடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு நிலாவெளியில்தான் கிடைத்தது. பெரியகுளத்து வெல்கம் விகாரையில், இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு, சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. திருக்கோணேச்சரத்தின் வெண்கல விக்கிரகங்கள் 1950இல் வெளிவந்ததும் ஆராய்ச்சிக்காகத் தோண்டி அல்ல. நகரசபை கிணறு வெட்டியபோதுதான். பொதுப் பணத்தில் நடக்கும் சின்ன வேலைதான் இந்த மாவட்டத்தில் மண்ணை அதிகம் திறக்கிறது.

மனித எலும்பு தெரிந்தால் வழி வேறு. எதையும் தொடாமல் உடனே பொலிசுக்கு அறிவியுங்கள். நீதவானின் உத்தரவில்லாமல் அங்கே யாரும் கிண்டக்கூடாது. பழையதா புதியதா என்று கண்ணால் சொல்ல முடியாது. மன்னாரில் 2018இல் சதொச (அரச விற்பனை நிலையம்) கட்டட வளவில் வந்த எலும்புகளின் காலம் ஆய்வுகூடத்துக்குப் போய்த்தான் பேசப்பட்டது. துருப்பிடித்த உருளையோ வெடிபொருள் போன்ற எதுவுமோ வந்தாலும் அப்படியே விட்டு ஆட்களை விலக்கிப் பொலிசைக் கூப்பிடுங்கள்.

இனிச் சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்டது என்று நம்பத்தக்க பொருள் தொல்பொருள். மண்ணுக்குள்ளிருந்து புதிதாக வெளிவருவது அரசின் சொத்து. கண்டவர் தாமதிக்காமல் அறிவிக்க வேண்டும். இரண்டு நாள் போய்விட்டது, ஆகவே இன்றைக்கே எழுதுங்கள். தொல்பொருள் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம், பிரதி பிரதேச செயலாளருக்கும் பிரதேச சபைச் செயலாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும். என்ன, எங்கே, எந்த ஆழத்தில், எப்போது, இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள், ஏன் நகர்த்தினீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். படங்களை இணையுங்கள். உங்கள் பிரதியில் கையொப்பமும் முத்திரையும் திகதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். அதிகாரிகள் கல்லை எடுத்துப் போனால் பொருள், அளவு, எடுத்தவர் பெயர், பதவி எழுதிய பற்றுச்சீட்டு கேளுங்கள். பிற்காலத்தில் "எங்கள் ஊர்க் கல் எங்கே?" என்று கேட்க அந்த ஒரு தாள்தான் ஆதாரம்.

ஒப்பந்தகாரரின் கவலை நியாயமானது. வருட ஒதுக்கீடு டிசம்பர் 31க்குள் செலவாகாவிட்டால் கைநழுவும். அதற்கு வழி மறைப்பது அல்ல. நிறுத்திய நேரத்தையும் இயந்திரம் சும்மா நின்ற மணித்தியாலங்களையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தளக் குறிப்பேட்டில் அன்றன்றைக்கே எழுத வேண்டும். முடிந்த பகுதியை அளந்து பில் போடலாம். கால நீடிப்புக்கு, ஒப்பந்த நாள் முடியமுன் எழுத்தில் கேட்க வேண்டும். பெரிய கடன் திட்டங்களில் பாவிக்கும் ஃபிடிக் (FIDIC) என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில் 4.24ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஒப்பந்தகாரர் உடனே அறிவித்தால் மேலதிக நாளும் செலவும் கோரலாம். உள்ளூர் ஒப்பந்தத்திலும் கண்டெடுப்புகள் பற்றிய பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். மறைத்துக் கொங்கிறீற் போட்ட பிறகு விசயம் வெளிப்பட்டால், நிற்பது இருபது மீற்றர் அல்ல, முழு வேலையும்.

காணிப் பயத்தை லேசாகத் தட்டிவிட நாங்கள் தயாரில்லை. கிழக்கில் அதற்குக் காரணங்கள் உண்டு. தெரிந்துகொள்ள வேண்டியது: வெளிவந்த பொருள் அரசுக்குச் சேர்வதும் அந்தக் காணியின் உரிமை மாறுவதும் ஒன்றல்ல. தொல்பொருள் ஒதுக்கிடமாகவோ பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாகவோ அறிவிப்பதற்குத் தனி நடைமுறையும் வர்த்தமானியும் உண்டு. ஆகவே வீதியோரக் காணிக்காரர் உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம் ஆகியவற்றின் பிரதிகளை இப்போதே ஒழுங்கு செய்து, எல்லை அளக்க யார் வந்தாலும் எழுத்தில் அறிவித்தல் கேட்கட்டும். மறைப்பதால் காணி பாதுகாக்கப்படாது. யார் எந்த மொழியில் எழுதிய கல் என்பதற்கான சாட்சிதான் அழியும், அந்த இழப்பு உங்கள் ஊருக்கே.

இதெல்லாம் வெட்டமுன் நடந்திருக்க வேண்டியது. 1998இன் திருத்தச் சட்டமும் 2000ஆம் ஆண்டு வர்த்தமானியும் 0.25 ஹெக்டேயரைத் தாண்டும் நிலத்தில் அபிவிருத்தி வேலைக்கு முன் தொல்பொருள் தாக்க மதிப்பீடு கேட்கின்றன. அது ஏறத்தாழ 99 பேர்ச். ஒரு மீற்றர் அகலத்தில் 500 மீற்றர் வடிகான் வெட்டினால் வருவது அதில் ஐந்திலொரு பங்குதான், அதனால் இப்படியான வேலைகள் வலையில் சிக்குவதில்லை. பெரிய வேலைகளிலும் ஓட்டை உண்டு. வீதியைப் பார்ப்பார்கள், கிறவல் அள்ளும் இடத்தையும் மண் கொட்டும் இடத்தையும் பார்க்கமாட்டார்கள். குளம் திருத்தும்போது அணைக்கட்டுக்கு மண் தேடி அருகே உள்ள மேட்டை வெட்டுவார்கள். அந்த மேடே பழைய குடியிருப்பாக இருப்பது வன்னியிலும் கந்தளாய்ப் பக்கத்திலும் புதிதல்ல. அடுத்த திட்டக் கூட்டத்தில் மண் எங்கிருந்து வரும் என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். மதிப்பீட்டு அறிக்கை இருந்தால், 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதி கேட்கலாம்.

திணைக்களத்தார் வந்தால் பெரும்பாலும் நாலு முடிவுகளில் ஒன்று வரும்: வடிகானை இரண்டு மூன்று மீற்றர் விலக்குவது, அலுவலர் பார்த்துநிற்கத் தொடர்வது, அந்த இடத்தில் மட்டும் அவசர அகழாய்வு, அல்லது சுத்தமான மணல் போட்டு மூடிப் பாதுகாப்பது. முதலாவதே மலிவு. அதை நீங்களே முன்வையுங்கள், வரைபடத்தில் மாற்றுப் பாதையையும் கீறிக்கொண்டு போங்கள். பார்த்துநிற்கத் தொடர்வதானால் பெக்கோவுக்குப் பல் இல்லாத தட்டை வாளி போட்டு, ஒரு தடவைக்குப் பத்துச் செ.மீ. மேல் சீவக்கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள். கோயிலின் பழைய சுவருக்கு அருகே ரோலரின் அதிர்வை நிறுத்தி வெறும் பாரத்தால் மட்டும் உருட்டச் சொல்லுங்கள். வடிகானின் மேல் விளிம்பு கோயில் அடித்தளத்தைவிட உயராமல் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். உயர்ந்தால் மாரித் தண்ணீர் சுவரடியில் தேங்கி, உப்பு மேலேறிச் சுண்ணாம்புச் சாந்தைத் தின்னும்.