வாரச் சம்பளம் 3,500 ரூபாய். தண்டல், குழுக் கடன், அடகு நகை, கைமாத்து என்று நாலு பக்கமும் கடன். எதை முதலில் அடைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் திருப்பூரில் பனியன் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன். எங்களுக்கும் சனிக்கிழமை சம்பளம் என்பதால் உங்கள் கணக்கு நன்றாகவே புரிகிறது.

பொதுவாக நாம் யார் வந்து வாசலில் நிற்கிறாரோ அவருக்குத்தான் முதலில் கொடுக்கிறோம். குழுவில் ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்ற பெண்களும் எழுந்து போக முடியாது. அந்தக் கூச்சத்துக்குப் பயந்தே தண்டல் வாங்கிக் குழுவுக்குக் கட்டுகிறவர்கள் எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர். வட்டியைப் பார்த்தால் இது தலைகீழ். குழுக் கடன் ஆண்டுக்கு இருபத்துச் சொச்சம் சதவீதம். தண்டலில் 10,000 என்று எழுதி 9,000 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பத்து சதவீதம் போலத் தெரியும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக 4,500 ரூபாய்தான் நம்மிடம் இருக்கிறது. அதற்கு நூறு நாளில் 1,000 வட்டி. ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 80 சதவீதம்!

அதற்காகக் கடன் வாங்கித் தண்டலை அவசரமாக முடிக்காதீர்கள். வட்டியை முன்பே பிடித்துவிட்டதால் சீக்கிரம் கட்டினாலும் பெரும்பாலும் ஒரு பைசா குறையாது. செய்ய வேண்டியது வேறு. எழுபதாவது நாள் வாக்கில், "மிச்சம் 3,000-ஐக் கழிச்சுக்கிட்டு புதுசா போட்டுடலாமா?" என்று தண்டல்காரர் சிரித்துக்கொண்டே கேட்பார். சரி என்றால் கையில் வருவது 6,000. ஏற்கெனவே வட்டி கொடுத்துவிட்ட அந்த 3,000-க்கு மறுபடி வட்டி கொடுக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லி நூறு நாளையும் ஓட்டிவிடுங்கள். முடிந்ததும் வாரம் 700 ரூபாய் மிஞ்சும். அதை வீட்டுச் செலவில் கலக்கவிடாமல் அப்படியே அடகு நகைக்குத் திருப்புங்கள்.

அடகுக்கடையில் 2 வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ நகைக்கடன் அதில் பாதிக்கும் கீழே கிடைக்கும். மீட்டு அங்கே மாற்றிவிடுங்கள். கைமாத்து கொடுத்தவருக்கு வட்டி இல்லை, அவரிடம் ஒரு தேதி சொல்லி வையுங்கள், போதும்.

செலவுப் பக்கம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரேஷன் அரிசி வாங்குகிறீர்கள், உரிமைத்தொகை 1,000 வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் எதைக் குறைப்பது? வாடகையை மட்டும் நாலாகப் பிரித்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுத்து வையுங்கள். ஆண்டில் நாலு மாதங்களுக்காவது ஐந்து சனிக்கிழமை வரும். அந்த ஐந்தாவது சம்பளத்தில் வாடகைப் பங்கு கிடையாது. சாப்பாட்டுக்குப் போக மீதி அசலுக்கு. காலண்டரில் இப்போதே வட்டம் போடுங்கள். தீபாவளி போனஸில் பாதியையும் சேர்த்தால் நகை வேகமாக வீடு வரும்.

குழுக் கடன் மைக்ரோ ஃபைனான்ஸ் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கிடையாது.