இல்லாத கை வலிக்கிறது

உங்களுக்கு விசர் பிடிக்கவில்லை. 2009இல் ஷெல் பட்டு முழங்கைக்கு மேலே எடுத்த இடக்கை இரவில் பொத்திப் பிடித்தபடி இறுகுகிறது, நகம் உள்ளங்கையில் குத்துகிறது, சவரம் எடுக்கும்போது கன்னத்தில் பிளேட் பட்டால் இல்லாத பெருவிரல் கூசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மனைவிக்கும் சொல்லவில்லையாம். இன்றைக்கே சொல்லுங்கள். கை, கால் இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இப்படி ஓர் உணர்வு இருக்கிறது. வன்னியில் உங்களைப் போல எத்தனையோ பேர் இதை வெளியில் சொல்லாமல் இருக்கிறார்கள்.

மூளையில் உடம்பின் வரைபடம் ஒன்று உண்டு. அதில் கைக்குப் பக்கத்து வளவு முகம். கையிலிருந்து சேதி வருவது நின்றதும் முகத்தின் சேதி வேலி தாண்டி அங்கே போகிறது என்று 1990களில் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் விளக்கினார். 'கையின் இடத்தை முகம் தின்றுவிடும், மூளை சுருங்கிவிடும்' என்று நீங்கள் யூடியூப்பில் பார்த்தது வெறும் பயமுறுத்தல். 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மூன்று பேரின் மூளையைக் கை எடுப்பதற்கு முன்னும் பின்னும் படம்பிடித்தார்கள். கையின் இடம் அழியாமல் அப்படியே இருந்தது. உங்கள் மூளையும் அந்தக் கையை இன்னும் கைவிடவில்லை.

ஒரு கண்ணாடியை அதன் முகம் வலக்கைப் பக்கம் பார்க்க நெஞ்சுக்கு நேரே நிறுத்தி, இடக்கையில் மிஞ்சிய பகுதியை அதன் பின்னால் மறையுங்கள். வலக்கையைக் கண்ணாடியில் பார்த்தபடி பொத்திய விரல்களை ஒவ்வொன்றாக விரியுங்கள். நாளுக்கு 15 நிமிடம், நாலு கிழமை. எல்லோருக்கும் பலிக்காது, பலித்தவர்களுக்கு அந்த இறுக்கம் தளர்கிறது.



உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியதுதான் என்னை உறுத்துகிறது: 'கை நுனி கொஞ்ச நாளாகச் சுடுகிறது, சட்டை நனைகிறது.' இத்தனை வருடம் காய்ந்து கிடந்த நுனி இப்போது கசிந்தால், உள்ளே தங்கிய ஷெல் துண்டைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கலாம். எலும்பிலும் கிருமி இறங்கியிருக்கலாம். நாளைக்கே மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சல் இருந்தால் இன்றிரவே.

பக்கத்து வீட்டுக்காரர் தந்த பிரிகபலின் என்ற நரம்பு வலி மருந்தை எத்தனை நாளாகப் போடுகிறீர்கள்? அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இரத்தம் சோதிக்காமல் இன்னொருவரின் அளவை விழுங்குவதா? ஆனால் சடாரென்று நிறுத்தவும் வேண்டாம். அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அங்கே எம்ஆர்ஐ என்ற, காந்தத்தால் உடம்பைப் படம்பிடிக்கும் சோதனை எழுதினால், உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறது என்று காந்த அறைக்குள் போகுமுன் வாய்விட்டுச் சொல்லுங்கள்.