கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் மென்பொருளில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் எண்களாகத் தெரிகின்றன, அவற்றை வாசிக்கும் ஸ்கிரிப்ட்டும் (சிறு நிரல்) திறக்க மறுக்கிறது. ஆங்கிலப் பெயருக்கு மாறுவதுதான் வழியா?

வேண்டாம், மாறாதீர்கள். உங்கள் கோப்புப் பெயரில் எந்தக் குறையும் இல்லை. அதை வாசிக்கும் ஸ்கிரிப்ட்டைத்தான் திருத்த வேண்டும்.

பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, கிட்டில் சேர்த்து வருகிறோம். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, எல்லாப் பெயரும் தமிழில். கமிட் செய்யும்போது, அதாவது மாற்றத்தைக் கிட்டில் பதியும்போது, மாறிய கோப்புகளை மட்டும் சோதிக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் உண்டு. ஆங்கிலப் பெயருள்ள கோப்புகளுக்கு ஒழுங்காக ஓடியது. தமிழ்ப் பெயர் வந்ததும் ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று நின்றுவிட்டது.

கிட் தந்த வரியை அப்படியே அச்சிட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ‘தமிழ்’ என்று தொடங்க வேண்டிய பெயர் இரட்டை மேற்கோளுக்குள் \340\256\244\340\256\256 என்று நீண்டுகொண்டே போகும். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ‘தமிழ்’ நம் கண்ணுக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறியீடு, டிஸ்கில் 15 பைட். 127-ஐத் தாண்டிய எந்த பைட்டையும் கிட் இயல்பானதாக எடுத்துக்கொள்ளாமல் எட்டின் அடிமான எண்ணாக எழுதிக் காட்டுகிறது. பழகிவிட்டால் எந்த மொழி என்றுகூடச் சொல்லிவிடலாம்: 340-க்கு அடுத்து 256 அல்லது 257 வந்தால் தமிழ், 262 அல்லது 263 வந்தால் கன்னடம். ஆக இது நமக்கு மட்டுமான தொல்லை இல்லை.

இணையத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம், இப்படி எண்ணாக மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் கோர்.கோட்பாத் (core.quotePath) என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்குவது. டெர்மினலில் கண்ணால் படிப்பதற்கு அது நல்லது, கட்டாயம் செய்துகொள்ளுங்கள். ஆனால் ஸ்கிரிப்ட்டுக்கு அது அரை வைத்தியம்தான். பெயருக்குள் இரட்டை மேற்கோளோ, பின்சாய்கோடோ, டேபோ இருந்தால் கிட் மறுபடியும் மேற்கோள் போட்டுவிடும். தவிர, குழுவில் ஒவ்வொருவர் கணினியிலும் அந்த அமைப்பு இருக்கும் என்று நம்பி நிரல் எழுதக் கூடாது. மேற்கோளை உரித்து எண்களைத் திரும்ப எழுத்தாக்கும் நிரலைச் சொந்தமாக எழுதுவதும் வேண்டாத வேலை.

சரியான வழி, மாற்றங்களைக் காட்டும் டிஃப் கட்டளையில், பெயரை மட்டும் கேட்கும் நேம்-ஒன்லியோடு (--name-only) மைனஸ் இசட் (-z) சேர்ப்பது. அப்போது கிட் எதையும் மாற்றாமல் பெயரை உள்ளபடியே தரும், ஒவ்வொரு பெயருக்கும் முடிவில் ஒரு பூஜ்ஜிய பைட் வைக்கும். லினக்ஸில் கோப்புப் பெயருக்குள் பூஜ்ஜிய பைட் வரவே முடியாது, அதனால் அங்கே தைரியமாக வெட்டலாம். பைத்தானில் வெளியீட்டை பைட்டாகவே வாங்கி, வெட்டி, கடைசியில் மிஞ்சும் வெற்றுத் துண்டைத் தள்ளிவிட்டு, அப்புறம்தான் எழுத்தாக மாற்ற வேண்டும். இந்த வரிசை முக்கியம்.

இதோடு முடியவில்லை. தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பொ’ என்பதில் வரும் ொ யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வரலாம், ெ, ா என்று இரண்டாகவும் வரலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. கிட்டுக்கோ பைட் வேறென்றால் கோப்பும் வேறு. மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அதற்காகக் கிட் 1.7.12-இல், 2012-இல், பிரிந்த பெயரைச் சேர்த்துவிடும் கோர்.பிரீகம்போஸ்யூனிகோட் என்ற அமைப்பு வந்தது. அது மேக்கில் மட்டும்தான் உதவும். லினக்ஸிலோ விண்டோஸிலோ விசைப்பலகை மென்பொருளே இரண்டாகத் தட்டியிருந்தால் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஸ்கிரிப்ட் பெயரை பைத்தானின் யூனிகோட்டேட்டா வழியாக, பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் கமிட்டை நிறுத்துகிறது.

ஒன்றை மட்டும் இயந்திரத்திடம் விட முடியாது. பலர் ௌ வர வேண்டிய இடத்தில் ெ போட்டு, எழுத்துக்குப் பின் ள-வைத் தட்டுகிறார்கள். ள தனி எழுத்து என்பதால் என்எஃப்சி அதைத் தொடாது. ‘கெளரி’ பிழை, ‘கெளுத்தி’ சரி. அதனால் அந்த வரிசையைக் கண்டால் ஸ்கிரிப்ட் எச்சரிக்கை மட்டும் காட்டும், மெய்ப்புப் பார்ப்பவர் படித்துப் பார்த்து முடிவு செய்கிறார்.